பூச்சியத்தை எங்கே வைப்பது

படிவத்தில் ஏழாவது கேள்வி:
கரையிலிருந்து வீடு எத்தனை மீற்றர்?

வீடு பரவாயில்லை.
அத்திவாரம் மிச்சமிருந்தது, குசினிப் பக்கம்
ஒரு தண்ணீர்க் குழாய் நிமிர்ந்து நின்றது.
அதிலிருந்து தொடங்கி
மூன்று முளை அடித்தாயிற்று, நூற்றைம்பது.
கரைதான் பிடிபடவில்லை.

சுருள் சர்ஜூன் சேரிடம், மூன்றாம் முளையில்.
பூச்சிய நுனி என்னிடம்.
அலை தொட்ட இடத்தில் வைத்தேன்.
அடுத்த அலை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.
"அசையாமப் பிடி புள்ள."
நான் அசையவில்லை சேர்.

உயர் நீர்மட்டக் கோடு என்கிறது சுற்றுநிருபம்.
கோட்டைத் தேடினேன்.
ஒரு செருப்பு, கொஞ்சம் றெஜிபோம், நண்டு வளை.

மீராலெவ்வைக் காக்காவிடம் கேட்டால்
மடி வந்து குவிகிற இடம் கரை.
நேற்று அது வாடிக்குத் தெற்கே இருந்ததாம்,
இன்றைக்கு நீரோட்டம் இழுத்த இழுவையில் இங்கே.
"கரைவலைக்காரனிட்டயே கரை கேக்கிறீங்க"
என்று சிரித்துவிட்டு
கயிற்றை மறுபடி தோளில் போட்டார்.

ஊருக்கே அக்கரை என்று பேர் வைத்தவன்
எந்தப் பக்கம் நின்று பார்த்தானோ.
இங்கேயே பிறந்து
இங்கேயே நிற்கிறவளுக்கும் இது அக்கரைப்பற்றுதான்.
வடக்கே போனால் வாவிக்கு இரண்டு பக்கமும் கரை;
வெயில் எழுகிற பக்கம் ஒன்று, படுகிற பக்கம் ஒன்று.
சேலைக்குக் கரை. காகம் கரையும்.
ஓயாமல் வந்து கேள்வி கேட்கிற எங்களைப் போன்றவர்கள்
கரைச்சல்.
சீனியைப் போட்டுவிட்டு
அம்மா கரண்டியை நீட்டிச் சொல்வதும் அதே இரண்டெழுத்து.
பெயராய் இருக்கும்வரை நிலம்.
ஏவலாய்ச் சொன்னால்
நிலம் போய்விடுகிறது.

"நாப்பத்தி நாலு" என்றார் சேர்.
நூற்றைம்பதும் நாற்பத்து நாலும்.
இருநூறுக்குள் கல் வைக்க விடமாட்டார்கள்.

லைலா ராத்தா அதுவரை பேசாமல் நின்றவர்
என் பக்கத்தில் வந்தார்.
"அடம்பன் கொடி முடியிற இடம்தான் தங்கச்சி கரை.
அங்கால கடலுக்கு, இஞ்சால எங்களுக்கு.
இந்தா, இதில கிடந்தது கொடி."
காட்டிய இடத்தில் தண்ணீர் ஏறி இறங்கியது.
கொடி இல்லை. அவர் கை மட்டும்
அது படர்ந்த வழியே நீளமாகப் போனது.
பிறகு குரலைத் தணித்து:
"கொஞ்சம் இறங்கிப் பிடிங்களேன்."

சம்பளம் கிடைக்காத இரண்டாவது மாதம் அது.
தற்காலிக நியமனம்.
செருப்பைக் கழற்றி மேலே வீசினேன்.

முழங்கால்.
மணல் காலுக்கடியில் சறுக்கியது.
தொடை.
நாடா மஞ்சளாய் அலைக்கு மேலே நடுங்கியது.
பாவாடை பலூன்போல் ஊதி, பிறகு கனத்து,
இடுப்பு.
ஒரு அலையில் உப்பு வாய்க்குள் வந்தது.
மறுகாலும் நின்றேன்.

சர்ஜூன் சேர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.
எப்போது திரும்பினார், தெரியவில்லை.
சுருளையே பார்த்தபடி சத்தமாய்க் கேட்டார்:
"கரையிலதானே நிக்கிறாய்?"

"ஓம் சேர். கரையிலதான்."

"அம்பது. நாடா முடிஞ்சுது."
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்.
லைலா ராத்தா ஒன்றும் சொல்லவில்லை,
என் செருப்பை எடுத்து மண் தட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேர பஸ்ஸில் சீற் இருந்தும் உட்காரவில்லை.
பாவாடை காய்ந்து
இடுப்பைச் சுற்றி வெள்ளையாய் ஒரு உப்புக்கோடு.
கண்டக்டர் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.
ஆள் ஏற வழி விடச் சொல்லி
"கரையா நில்லுங்கக்கா" என்றான்.

நின்றேன்.